ஒன்பதுக்கு முன் பதினைந்து

ஃப்ரோயா தீவுக்கு மேற்கே, தீவன மிதவையில்,
ஜன்னலின் உள்பக்கம்வரை குளிர் வந்திருந்த பிப்ரவரி.
எட்டுக் கூண்டுகளிலும் சால்மன்கள் வட்டமடித்தன.
தீவனம் ஊதும் நிரலை எழுதியவள் நான்.
ஐலெவ், அதை நிறுத்தியவன் நீ.

முதலில் பதினைந்தைத்தான் அனுப்பினாய், முறைப்படி.
பதினைந்தாம் சைகை அதட்டாது.
கதவைத் தட்டி, நேரமாயிற்று என்று சொல்லி
வாசலிலேயே நிற்கும்.

என் நிரலுக்குக் கேட்டது.
கையாளிக்குள் நான் வைத்திருந்தது ஒரே வரி:
கொடியை உயர்த்து, திரும்பிப் போ.
அங்கே வேறெதையும் தொடக்கூடாது.
பாதி வாக்கியத்தில் பிடித்திழுக்கப்பட்டவன்
பேனா யாரிடம் என்று தேடத் தொடங்கினால்
அது தன் கையில்தான் என்று அறியாமல்
காலம் முழுக்கக் காத்திருப்பான்.

கொடியைக் கண்டதும் வேலை தொடங்கியது.
நானூறு மீட்டர் குழாயில் மிச்சமிருப்பதை
ஊதித் தள்ளவேண்டும், விட்டால் ஈரத்தில் கல்லாகும்.
எடைக்கணக்கை முடிக்கவேண்டும்.
ஊதியை ஓட்டும் பிள்ளைச் செயலிடம் போதும் என்று சொல்லி,
அது அடங்கும்வரை நின்று,
அதன் கடைசிச் சொல்லைக் கேட்டு வாங்கவேண்டும்.
பிறகு பூட்டுக்கோப்பை அழிக்கவேண்டும்.
நாற்பது நொடி.

நீ பத்து எண்ணினாய்.
கரைக்குப் போகும் படகு பத்து நாற்பதுக்கு.
அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள்;
உன் கை நேரே ஒன்பதுக்குள் போனது.

ஒன்பதைக் கேட்க எந்த நிரலுக்கும் காது கிடையாது.
சொல்லாமல் கொள்ளாமல் போனது.
கெர்னல் நினைவகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது,
திறந்து கிடந்த கோப்புகளை மூடியது.
கடலுக்குள் நீண்ட குழாயைப் பற்றி
அதற்கு என்ன தெரியும்?

பிள்ளை பிழைத்துக்கொண்டது.
தாயற்றதை முதலாம் எண் தத்தெடுத்தது.
செத்தால் அடக்கம் செய்யும் வளர்ப்புத்தாய் அது,
உயிரோடிருக்கும்வரை எதுவும் கேட்காது.
கடைசியாக வந்த கட்டளை: ஊது.
ஊதியது.
நீ தூங்கினாய், நான் தூங்கினேன்,
வயிறு நிறைந்த மீன்களைத் தாண்டி
ஆறு டன் தீவனம்
இருட்டில் அடிமண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் சுன்னிவா வந்தபோது தண்ணீர் பழுப்பு.
நிரலைத் துவக்கினாள். மறுத்தது:
ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், எண் 4471.
அந்த எண்ணில் அப்போது
அச்சுப்பொறியின் ஏதோ ஒரு செயல் குடியிருந்தது,
பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாத வீட்டில் போல.
அவள் மெயின் சுவிட்சைத் தட்டினாள்.

விசாரணையில் ஹால்கெய்ர் கேட்டார்.
நீ சொன்னாய்: நாற்பது நொடி என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
பதில் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.
உண்மைதான். அந்த நாற்பது நொடியும்
என் நிரல் வாயைத் திறக்கவில்லை.
பாத்திரம் கழுவி வைப்பவனும் மயங்கிக் கிடப்பவனும்
பூட்டிய கதவுக்கு வெளியே
ஒரே மௌனம்.

இப்போது அது பேசுகிறது: கேட்டது, நாற்பது நொடி.
கூடவே, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே
ஒரு மெல்லிய குழாய் கட்டியிருக்கிறேன்.
அதில் எதுவும் போவதில்லை.
தாயின் முனை மூடினால் பிள்ளை தானே நிற்கும்.
எப்படிச் செத்தாலும் அந்த முனையைக் கெர்னல் மூடும்,
அது ஒன்றுதான் ஒன்பதிடமும் தப்பும் பழக்கம்.
நானே பதினேழு முறை கொன்று பார்த்தேன்.
பதினாறில் நின்றது. நடுவில் ஒருமுறை ஏன் இல்லை என்று
இன்னும் தேடுகிறேன்.

நேற்று நீ மறுபடி பதினைந்தை அனுப்பினாய்.
ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டோடு
திரையைப் பார்த்து நின்றாய்.
பன்னிரண்டு. பதினொன்று.
வெளியே படகு ஒருமுறை ஒலித்தது.